ஓட்டையின் உயரம்

வேறு யாருக்கும் நேரமில்லை என்பதால்
மூன்று நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள்.
'வடிவமைப்புச் சிந்தனை' என்று கடிதத்தில் இருந்தது.
சேலை டிசைன் போல என்றான்
ஆம்புலன்ஸ் ஓட்டும் பூபாலன்.

சாட்ஸ்வர்த்தில் ஒரு பள்ளிக்கூட மாடி.
மேசை நிறைய மஞ்சள் ஒட்டுத்தாள்.
கேப்டவுனிலிருந்து வந்த அனெலீஸ் கேட்டாள்:
உங்கள் கிளினிக்கில் என்ன பிரச்சினை?
நான் யோசிக்கவே இல்லை.
'நாற்காலி நாற்பது' என்று எழுதினேன்.
கீழே, சின்னதாக, 'முதுகு சாய்கிற மாதிரி.'
தாளைத் திருப்பி ஒட்டினாள்.
'இது விடை. கேள்வி எங்கே?'

எனக்குக் கோபம் வந்தது.
பதினோரு வருஷம் மருந்து ஜன்னலில் உட்கார்ந்தவள்.
யாருக்கு சுகர், யாருக்கு பிரஷர்,
யார் மகன் பணம் அனுப்புவதில்லை
எல்லாம் தெரியும்.
'அப்படியானால் நாளைக்கு வரிசையில் போய் நில்லுங்கள்.
எதையும் திருத்த வேண்டாம். பாருங்கள்.'

ஜூன் மாதக் குளிர். காலை நாலரை.
கேட்டுக்கு வெளியே மனிதர் ஆறு பேர்தான்.
மீதி வரிசை சாமான்கள்.
ஒரு செங்கல், ஒரு பெயின்ட் டப்பா,
கம்பியில் கட்டிய ஒற்றைச் செருப்பு,
மூடியில் 'நாயக்கர்' என்று எழுதிய ஐஸ்கிரீம் பெட்டி.
ஆட்கள் டாக்ஸிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
செங்கல்லை யாரும் தாண்டுவதில்லை.
தாண்டாதே என்று யாரும் எழுதி வைக்கவுமில்லை.
நாங்கள் மூன்று நாள் உட்கார்ந்து யோசிக்க இருந்ததில் பாதியை
யாரோ எப்போதோ யோசித்து முடித்து
பெயர் வைக்காமல் விட்டிருந்தார்கள்.

உம்லாசி நர்ஸ் நோமுசா, என் குழுக்காரி,
அதைப் படமாக வரைந்துகொண்டாள்.
நான் வரிசையோடு நகர்ந்தேன்.
எட்டே முக்காலுக்கு
என் ஜன்னலை முதன்முதலாக வெளியிலிருந்து பார்த்தேன்.

உள்ளே எனக்குப் பதில் ஒரு புதுப் பெண்.
கண்ணாடியில் பேசுவதற்கு ஒரு ஓட்டை,
உட்கார்ந்திருப்பவளின் வாய்க்கு நேராக.
நிற்பவருக்கு அது வயிறு.
முழங்கால் ஆபரேஷன் ஆன கோகிலாம்பாள்
கம்பியைப் பிடித்து
பாதியாய் மடிந்து
பிறந்த தேதியை ஓட்டைக்குள் சொன்னாள்.
தலையைத் திருப்பி, காதை வைத்துக் கேட்டாள்.
மடிந்தபடியே நன்றி சொன்னாள்.

அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.
சில நாள் கூச்சமாகக்கூட இருக்கும்:
எதற்கு இவ்வளவு கும்பிடு, மாத்திரைதானே.

அன்று மத்தியானம்
மஞ்சள் தாளில் எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்றாம் நாள் அட்டைப்பெட்டி வெட்டினோம்.
ஓட்டை மேலே போனால் நானும் மேலே போக வேண்டும்.
பூபாலனின் மச்சான் மூடிவிட்ட பாரிலிருந்து
உயர ஸ்டூல் ஒன்று வந்தது, பியர் வாசனையோடு.
ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தேன்.
சக்கர நாற்காலியில் எதிரே வந்த நோமுசா
அண்ணாந்து, 'ஹலோ, மேலே யாராவது இருக்கிறீர்களா?'

கிழித்தோம்.
இரண்டு ஓட்டை வைத்தோம். அதையும் கிழித்தோம்.
கடைசியில் மேலிருந்து கீழாக ஒரே பிளவு.
கிழிந்தது ஐந்து அட்டை.
ஐந்துக்கும் அனெலீஸ் கை தட்டினாள்.
எனக்குப் பிடிக்கவில்லை. அதில் இரண்டு நன்றாகவே இல்லை.

இலாகா அனுமதிக்கு ஏழு மாதம்.
நாற்காலி கேட்டிருந்தால் சீக்கிரம் வந்திருக்கும்.

புதுக் கண்ணாடி பொருத்திய காலை
முதலில் வந்தவர் மிஸ்டர் டூபே. நெட்டையான மனிதர்.
வந்தார். பழக்கத்தில் குனிந்தார்.
நெற்றி கண்ணாடியில் டொக்கென்று இடித்தது.
நான் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தேன்.
மெல்ல நிமிர்ந்தார்,
இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்,
சிரித்தார்.
முன்பல்லில் ஒன்று தங்கம்.
இத்தனை வருஷம்
அவருடைய இடது காதை மட்டும்தான்
எனக்குத் தெரிந்திருக்கிறது.

செங்கல் இன்னும் கேட்டுக்கு வெளியேதான் இருக்கிறது.
பெருக்க வருகிறவனிடம் சொல்லியிருக்கிறேன்,
அதைத் தொடாதே என்று.